எடை குறையும்போதே தசை ஏறுமா? கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சி அளிக்கிறேன். கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசை வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்; கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். தலைமுடி உதிர்வு, அடுத்த மாதக் கல்யாணத்துக்குள் பத்து கிலோ ஆகியவற்றை ஓரமாக வைத்துவிட்டேன்.

செந்தூல், ஆண், 34: 92 கிலோ இருக்கிறேன் மாஸ்டர். எடையைக் குறைத்த பிறகுதான் தசை ஏற்ற முடியும் என்கிறார் நண்பர். உண்மையா?

பல வருடம் பயிற்சி செய்து, ஏற்கெனவே ஒட்டிய வயிற்றோடு இருப்பவருக்கு அது ஓரளவு உண்மை. புதிதாகத் தொடங்குகிறவருக்கும், நெடுநாள் விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கும், கொழுப்பு மிகுந்தவருக்கும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். சுமை தூக்கித் தசைக்கு வேலை கொடுத்து, புரதமும் போதிய அளவு சாப்பிட்டால், குறையும் எரிசக்தியை உடல் சேமித்த கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடந்து வெறுமனே நடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். தராசு நல்ல செய்தி சொல்லும், சட்டையைக் கழற்றினால் உடம்பு தொளதொளவென்றிருக்கும்.

நீங்கள் எட்ட விரும்பும் எடை 75 கிலோ என்றால், கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் நாளுக்கு 120 கிராம் புரதம். காலையில் மூன்று முட்டை (18 கிராம்), மதியம் 150 கிராம் வெந்த கோழி நெஞ்சுக்கறி (45), இரவு அதே அளவு கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி (35 அளவில்), இடையில் 100 கிராம் தெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி (19). ஏறக்குறைய வந்துவிட்டது, புரத மாவு டப்பா எதுவும் இல்லாமல். வழக்கமாகச் சாப்பிடுவதில் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) இரவு பத்து மணிக்கு உள்ளே போகும் ரொட்டி சானாயையும் (பரோட்டா) தே தாரிக்கையும் (இனிப்புப் பால் தேநீர்) நிறுத்தினாலே அது கிடைக்கும்.

வாரம் மூன்று நாள் ஸ்குவாட் (சுமையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து சுமை தூக்குவது), தண்டால், முதுகுக்கு இழுக்கும் பயிற்சி. ‘இன்னும் இரண்டு முறைதான் முடியும்’ என்ற நிலையில் நிறுத்துங்கள். எளிதாகிவிட்டால் அடுத்த முறை சுமையைச் சிறிது கூட்டுங்கள். இதைச் செய்யாதவருக்குத் தசை வராது. எடையைப் பார்த்துக் கலங்காமல் இடுப்பை நாடாவால் அளந்து குறித்துவையுங்கள்.

பங்சார், பெண், 41: மெலிய வைக்கும் காபி ஒன்று தோழி விற்கிறாள். பயிற்சியோடு சேர்த்துக் குடிக்கலாமா?

வேண்டாம். இப்படிப்பட்ட பொருட்களில் சிபுட்ராமின் (பசியை அடக்கும் மருந்து) கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட மருந்து அது.

கெப்போங், பெண், 52: சுமை தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவேனோ?

ஆக மாட்டீர்கள் அக்கா. ஆண்களிடம் மிகுந்திருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அந்த அளவு உங்களிடம் இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும் வேகத்தைக் குறைக்க இதைவிட நல்ல பயிற்சியும் குறைவு. தொடங்குங்கள்.

செராஸ்: அம்மா இன்சுலின் போடுகிறார்...

மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். பயிற்சியால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

பத்துமலை, ஆண், 28: தினமும் இங்கே முருகன் கோயிலின் 272 படி ஏறுகிறேன். கால் தசைக்கு இது போதாதா? ஜிம்முக்கு எதற்குப் பணம்?

தொடக்கத்தில் போதும். சில வாரங்களில் உடல் பழகிவிடும். படியின் உயரமும் உங்கள் எடையும் மாறாதபோது தசை எதற்கு வளர வேண்டும்? மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது, தொடருங்கள்.

செந்தூல் மறுபடியும்: காவடி தூக்குகிறவர்கள் ஏறுகிறார்களே?

பத்துமலை: அதைத்தான் கேட்கிறேன்! நானும் அரிசி மூட்டையோடு ஏறிவிடுகிறேன்.

கெப்போங்: கோயில் படியில் மூட்டையா? பக்தர்கள் எப்படி நடப்பார்கள்?

காவடி வருடத்தில் ஒரு நாள். தசைக்கு வாரந்தோறும் வேலை வேண்டும், கூடிக்கொண்டே போகும் வேலை. மூட்டை விஷயத்தில் அக்கா சொல்வதுதான் சரி: கூட்டத்தில் தடுமாறினால் பின்னால் வருகிறவர்மேல் விழுவீர்கள். பைக்குள் இருப்பது அரிசி என்று தெரிந்தால் குரங்குகளும் சும்மா விடாது. வீட்டில் ஒரு நாற்காலிமீது ஒற்றைக்காலால் ஏறி இறங்குங்கள், கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. கனம் போதவில்லையா, பத்து கிலோ.

பத்துமலை: சரி. ஏறுவதைவிட இறங்கிய மறுநாள்தான் தொடை வலிக்கிறது. ஏன்?

இது நல்ல கேள்வி. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழகாத தசைக்கு அந்த வேலைதான் அதிக வலி தரும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். கூடத்திலும் எடையைத் தொப்பென்று போடாமல் மெல்ல இறக்கச் சொல்வது, பாதிப் பயிற்சி அதில் இருப்பதால்தான்.

ஸ்தாப்பாக்: வயிறு மட்டும் குறைய என்ன பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை.

அம்பாங்: பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடினால் வயிறு குறையுமா?

வியர்வை நீர். குடித்ததும் திரும்பிவிடும். கோலாலம்பூர் வெயிலில் மயங்கி விழ வேண்டுமென்றால் போடுங்கள்.

கெப்போங்: தைப்பூச விரதத்தில் மீன், முட்டை கிடையாது. புரதத்துக்கு என்ன வழி?

தெம்பேயும் தாவ்ஹுவும் (சோயாப் பால்கட்டி) இங்கே சந்தையில் மலிவு. பருப்பு, கொண்டைக்கடலை, தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பாரை மட்டும் நம்பாதீர்கள், பெரும்பாலும் அது தண்ணீர்தான். அப்பளமும் வாழைக்காய்ப் பொரியலும் தட்டை நிரப்பும், கணக்கை நிரப்பாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் பேசுங்கள்.

பங்சார்: அந்தக் காபி மூலிகைதானாம் மாஸ்டர். தோழி நான்கு கிலோ குறைந்திருக்கிறாள்.

மேலே எழுதியதைப் படியுங்கள். படித்த பிறகு தோழியிடமும் காட்டுங்கள், அவருக்கு நெஞ்சு படபடக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் இன்றைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள், பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோகட்டும்.