ஒப்பந்தம் முடிந்த வீரரும் வசதி குறைந்த கிளப்பும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஒரு கால்பந்து வீரர் தம் கிளப்புக்கு எந்தத் தொகையும் கிடைக்காமலே வேறு கிளப்புக்குப் போய்விடலாம் என்பது வீரருக்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் சிறு வயதிலிருந்து அவரை வளர்த்தெடுத்த, வசதி குறைந்த கிளப்பின் நிலை என்ன? பணக்காரக் கிளப்புகள் மேலும் வலுப்பெற்றதற்கு இந்தச் சுதந்திரம்தான் காரணமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்த விதிக்கு வித்திட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான்-மார்க் போஸ்மன். 1990இல் லியேஜ் கிளப்புடன் அவருக்கு இருந்த ஒப்பந்தம் முடிந்தபோது, பழைய ஊதியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டும் தருவதாகக் கிளப் கூறியது. பிரான்சின் டன்கர்க் கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தும், டிரான்ஸ்ஃபர் கட்டணம் (வீரரை விடுவிப்பதற்காகப் புதிய கிளப் பழைய கிளப்புக்குத் தரும் தொகை) கைக்கு வந்து சேருமா என்ற ஐயத்தால் லியேஜ் அவரைப் போகவிடவில்லை. அவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் வேறோர் உறுப்பு நாட்டுக் கிளப்பில் சேரும்போது பழைய கிளப் கட்டணம் கேட்கக் கூடாது என்றும், அணியில் பிற உறுப்பு நாட்டு வீரர்கள் இத்தனை பேர்தான் ஆடலாம் என்று வரம்பு விதிக்கக் கூடாது என்றும் அது கூறியது.

இதன் விளைவை முதலில் உணர்ந்தவற்றுள் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப். தீர்ப்பு வந்த அதே ஆண்டு மே மாதத்தில், தன் பயிற்சிப் பள்ளியில் உருவான இளைஞர்களை முதுகெலும்பாகக் கொண்டு, மிலான் அணியை வியன்னாவில் 1–0 என வென்று ஐரோப்பிய சாம்பியனாக விளங்கிய அணி அது. வெற்றிக் கோலை அடித்த பாட்ரிக் க்ளூய்வர்ட்டுக்கு அப்போது வயது 18. 1996இல் எட்கர் டேவிட்ஸும் மைக்கேல் ரெய்சிகரும், 1997இல் க்ளூய்வர்ட்டும் வின்ஸ்டன் போகார்டும் கட்டணம் ஏதுமின்றி அதே மிலானுக்குச் சென்றார்கள். பின்னர் டேவிட்ஸை யுவென்டஸுக்கும் க்ளூய்வர்ட்டைப் பார்சலோனாவுக்கும் விற்றுப் பணம் பெற்றது மிலான். வளர்த்த கிளப்புக்குக் கிடைக்காத தொகை, குறுகிய காலமே வைத்திருந்த கிளப்புக்குக் கிடைத்தது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துகிறது.

ஆனால் பழைய விதியே நீடித்திருந்தால் இந்த வீரர்கள் அயாக்ஸில் தங்கியிருப்பார்களா? பெரும்பாலும் இல்லை. போஸ்மன் தீர்ப்புக்கு முன்பே கட்டணம் கொடுத்து அயாக்ஸின் சிறந்த வீரர்களை இத்தாலியக் கிளப்புகளும் ஸ்பானியக் கிளப்புகளும் வாங்கிக்கொண்டுதான் இருந்தன. வீரரை இழுத்துச் செல்வது பெரிய கிளப்பின் வருவாய். இந்தச் சுதந்திரம் சிறிய கிளப்பிடமிருந்து பறித்தது, அவர் போகும்போது கைக்கு வந்திருக்கக்கூடிய ஈட்டுத்தொகையை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்றாகிவிடும்.

1995க்குப் பிறகு 2025 வரை ஸ்பெயின், இத்தாலி, இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கு வெளியிலிருந்து, ஐரோப்பிய சாம்பியன் கிளப்பைத் தீர்மானிக்கும் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற ஒரே கிளப் 2004இல் வென்ற போர்ச்சுகலின் போர்த்தோ. 1995க்கு முந்தைய பத்தாண்டுக்குள் புக்கரெஸ்ட், ஐந்தோவன், பெல்கிரேடு ஆகிய நகரங்களின் கிளப்புகள் அந்தக் கோப்பையை ஏந்தியிருந்தன. இந்த வீழ்ச்சி முழுவதையும் போஸ்மன் தலையில் சுமத்துவது சரியன்று. அதே காலத்தில் தொலைக்காட்சி உரிமைத் தொகை பெரிய நாடுகளில் பன்மடங்கு பெருகியது. 1997 முதல் சாம்பியன்ஸ் லீக்கில் பெரிய லீகுகளிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் சேர்க்கப்பட்டு, பரிசுப் பணம் மீண்டும் மீண்டும் அதே கிளப்புகளுக்குச் சென்றது. தீர்ப்பு வரம்புகளை அகற்றியது அந்தப் பணத்துக்கு வழிவிட்டது.

கேள்வி: அப்படியானால் வீரர்களைக் கிளப்புகள் விடாமல் பிடித்து வைத்திருந்த காலத்தில் பலவீனமான அணிகளுக்குப் பாதுகாப்பு இருந்ததா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதற்கு அமெரிக்க பேஸ்பால் நல்ல சான்று. அங்கே 1879 முதல் வளர்ந்த ஒரு விதிப்படி, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரின் உரிமை கிளப்பிடமே இருந்தது. இது இல்லாவிட்டால் பணக்கார அணிகள் எல்லாரையும் வாங்கிவிடும் என்று உரிமையாளர்கள் பல பத்தாண்டுகள் வாதிட்டார்கள். அந்த விதி முழு வலுவுடன் இருந்த 1923க்கும் 1962க்கும் இடையில் நியூயார்க் யாங்கீஸ் அணி, அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் பட்டமான உலகத் தொடரை 20 முறை வென்றது. வீரர்தான் போக முடியாதே தவிர, கிளப் அவரை விற்கவோ மாற்றிக்கொள்ளவோ தடையில்லை. 1961இல் 61 ஹோம் ரன்கள் அடித்துச் சாதனை படைத்த ரோஜர் மாரிஸ், 1959 இறுதியில் எளிய அணியான கன்சாஸ் சிட்டியிடமிருந்து யாங்கீஸுக்கு வந்தவர். ஊர் மாறுவதைத் தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இல்லை என்பதே வேறுபாடு.

1975 டிசம்பரில் வீரர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் நடுவரான பீட்டர் சைட்ஸ் அளித்த முடிவால் அந்தப் பிடி தளர்ந்தது. உடனடி அடி ஓக்லண்ட் அணிக்கு விழுந்தது: 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்ற அணி, தன் நட்சத்திரங்களை இழந்து, 1977இல் புதிதாகத் தொடங்கப்பட்ட சியாட்டில் அணிக்கும் கீழே, தன் பிரிவின் கடைசி இடத்துக்குப் போனது. இதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. ஓக்லண்ட் ரசிகருக்கு அது உண்மையான இழப்பு. ஆயினும் 1978 முதல் 1987 வரையிலான பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் உலகத் தொடரை வென்றன. அங்கே ஆறு ஆண்டு ஆடிய பிறகே வீரர் சுதந்திரம் பெறுகிறார் என்பதால், அவரை உருவாக்கிய அணிக்கும் ஓரளவு பயன் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: சிறிய கிளப்புகளுக்கு இதனால் நன்மையே இல்லையா? அவற்றுக்கு ஈடு செய்ய விதிகள் இருக்கின்றனவா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நன்மை உண்டு. 2016இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டியில் தொடர்ந்து ஆடிய மார்க் ஆல்பிரைட்டனும் கிறிஸ்டியன் ஃபுக்ஸும் கட்டணமின்றிச் சேர்ந்தவர்களே. ஆனால் அவர்களுக்கு ஊதியம் தர லெஸ்டரால் முடிந்ததற்கு, அந்த லீகின் தொலைக்காட்சிப் பணத்தில் பெரும்பகுதி அணிகளுக்குச் சமமாகப் பகிரப்படுவதும் காரணம்.

ஈடு செய்யும் விதிகள் 2001இல் வந்தன. 23 வயதுக்குள் கிளப் மாறும் வீரருக்காக அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு இழப்பீடு உண்டு. அதைத் தவிர, ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்போது விற்கப்படும் வீரரின் டிரான்ஸ்ஃபர் கட்டணத்தில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. குறை இங்கேதான் உள்ளது. 26 வயதில் ஒப்பந்தம் முடிந்து போகும் வீரருக்குக் கட்டணமே இல்லையாதலால், அந்த 5 விழுக்காட்டிலிருந்தும் எதுவும் வராது. ஆனால் புதிய கிளப்பிடம் மிஞ்சும் பணத்தில் பெரும்பகுதி வீரருக்கும் அவருடைய முகவருக்கும் கையெழுத்துத் தொகையாகச் செல்கிறது. அந்தத் தொகையிலிருந்தும் 5 விழுக்காட்டை வளர்த்த கிளப்புகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதனால் வீரரின் சுதந்திரத்துக்கு எந்தத் தடையும் வராது. போஸ்மன் தீர்ப்பிலேயே, சிறிய கிளப்புகளையும் இளைஞர் பயிற்சியையும் காப்பது நியாயமான நோக்கம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, அதை வீரரின் நடமாட்டத்தைத் தடுக்காத பிற வழிகளில் அடையலாம் என்றே கூறியிருக்கிறது.