பாலிக் புலாவில் பலகை வீடு வாங்கப் போகும் தம்பிக்கு

தம்பி, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிக் புலாவ் மலையடியில் இரண்டு ஏக்கர் டுரியான் பழத் தோப்பு, நடுவில் உருண்டை மரங்களை அடுக்கிக் கட்டிய வீடு. விளம்பரத்தில் பார்த்ததும் மனைவிக்கும் பிடித்துவிட்டது. வாங்கலாமா, வங்கிக் கடன் கிடைக்குமா, 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' விசா எடுக்க வேண்டுமா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, இட்லி அரிசி எங்கே நல்லது என்று ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

கடைசியிலிருந்து வருகிறேன். இட்லி அரிசி பினாங்கு ஸ்திரீட் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பள்ளிக்கூடம் உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது, அதில் நான் தலையிடவில்லை. கடனை வங்கியில் கேளுங்கள். அந்த விசாவை 2024 இல் மூன்று தரமாகப் பிரித்தார்கள். வெள்ளித் தரத்துக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கட்டி, 600,000 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, குறையாமல் வீடும் வாங்கி, பத்து வருடம் விற்காமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு பணம் வரும்போது யோசிக்கலாம். மிச்சம் இருப்பது வீடு. அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வந்து இறங்கியது 1997 ஆகஸ்டில். மறு மாதமே சுமத்ரா காட்டுத்தீயின் புகை வந்து மூடிக்கொண்டது. இந்தத் தீவில் மலை இருக்கிறது என்பதையே நான் கொஞ்ச நாள் கழித்துத்தான் பார்த்தேன். வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டபோது டாலருக்கு இரண்டரை வெள்ளி. ஜனவரியில் நாலரையைத் தாண்டியது. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டிப்போட்டது. ஊருக்கு அனுப்பும் பணம் சுருங்கச் சுருங்க, மூன்று பேராக இருந்த அடுக்குமாடியை விட்டுவிட்டு சுங்கை ஆராவில் ஒரு பலகை வீட்டில் அறை எடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு சீனக் கிழவி. நானும் உங்களைப் போலத்தான், முதல் வாரம் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு சொர்க்கம் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன்.

சான்றிதழ்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக வைத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் எதற்கோ அந்தப் பெட்டியை இழுத்தேன். மூடி மட்டும் கையோடு வந்தது. அடிப்பாகம் பலகையோடு பலகையாக ஒட்டிப்போயிருந்தது. சுவர் இடுக்கிலிருந்து பென்சில் தடிமனுக்கு ஒரு மண்குழாய் இறங்கி நேரே பெட்டிக்குள் போயிருந்தது. நகத்தால் உடைத்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஒரு வரிசை, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மதிப்பெண் பட்டியலில் ஐந்தாம் செமஸ்டரையே காணோம். பிளாஸ்டிக் உறையை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தன. அந்த செமஸ்டரில் எனக்கு ஒரு அரியர் உண்டு, அதுவும் போனது என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். கிழவி மண்ணெண்ணெயை எடுத்து வந்து இடுக்கில் ஊற்றிவிட்டு, "பியாசா லா" என்றார். வழக்கம்தானே என்று அர்த்தம்.

அதனால் முதல் கேள்வி: அது என்ன மரம்? மரத்தை உருட்டி அடுக்கிக் கட்டுவது குளிர் நாட்டுப் பழக்கம். அங்கே வருடத்தில் பாதி நாள் பூஞ்சணமும் பூச்சியும் அடங்கிக் கிடக்கும். இங்கே அவற்றுக்கு லீவே கிடையாது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும், வெட்டுமுனை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் காடு இருந்தும் மலாய்க்காரர்கள் ஒருநாளும் அப்படிக் கட்டவில்லை, கவனித்தீர்களா? கல்லின் மேல் தூணை நிறுத்தி, ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு வீட்டைத் தூக்கி, அடியில் காற்றோட விட்டு, கூரையை நன்றாக வெளியே இழுத்துவிட்டார்கள். மண்ணில் மரம் படாது. கறையான் ஏற வேண்டுமானால் கல்லின் மேல் குழாய் கட்டித்தான் ஏற வேண்டும், காலையில் பெருக்கும்போது கண்ணில் பட்டுவிடும்.

போய்ப் பார்க்கும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போங்கள். தரையை ஒட்டிய மரத்திலும் ஜன்னலுக்குக் கீழேயும் குத்திப் பாருங்கள். முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உத்தரத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு உருண்டையான ஓட்டை இருந்தால் அது கருவண்டு. தட்டிப் பார்க்கவும் மறக்காதீர்கள். தோப்புகளில் வாடகைக்கு விடும் 'மர வீடு' எத்தனையோ, சிமெண்டில் வரி வரியாகக் கீறிப் பெயின்ட் அடித்தவை. உங்களுடையதும் சிமெண்டாக இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

நல்ல மரம் என்றால் செங்கால். இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது என் மனைவியின் சித்தப்பாவிடம். "தூண் எல்லாம் செங்கால் மாப்ள" என்றார். மரத்தூணைக் காட்டிச் செங்கல் என்கிறாரே, மலேசியத் தமிழில் இப்படித்தான் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போது எனக்கு அவர்கள் தமிழ் மேல் கொஞ்சம் இளக்காரம், ஒளிப்பானேன். காலையில் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டால் சிரிப்பு வரும். 'டிபன் ஆச்சா' என்பது மட்டும் சங்கத்தமிழா? செங்கால் இரும்பு மாதிரி. துளை போடாமல் ஆணி இறங்காது. ஆனால் புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். பழைய வீட்டைப் பிரித்த மரமாகத் தேட வேண்டும்.

அடுத்தது மண். தோற்றுப்போன கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2006 இல் ஒரு தரகர் எனக்கு ஒரு வீட்டைக் காட்டினார். பலகை வீடு, முன்னால் ரம்புத்தான் மரம், பின்னால் ஓடை. மூவாயிரம் வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். பிறகுதான் நில அலுவலகத்தில் 'சாரியான்' என்கிற பதிவு விவரத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த மண்ணுக்குக் 'கெரான்' என்கிற பட்டாவே இல்லை. அது அரசாங்க நிலம். 'டி.ஓ.எல்.' என்ற தற்காலிக உரிமத்தில் இருந்திருக்கிறார்கள். அந்த உரிமம் ஒவ்வொரு டிசம்பர் 31 ஆம் தேதியும் முடியும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும். வீடு இருந்தது, மரம் இருந்தது, விற்கத்தான் அவர்களிடம் ஒன்றும் இல்லை. என் மூவாயிரம் வந்து சேரவில்லை.

மரம் பழசு என்பதால் மண் அவருடையது ஆகிவிடாது. பகாங்கில் ரவூப் பக்கம் பட்டா இல்லாத நிலத்தில் பல வருடம் டுரியான் வளர்த்தவர்களுக்கு 2020 இல் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். மாநில அரசு அந்த நிலத்தை வேறு ஆட்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது, வளர்த்தவர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

பட்டா இருந்தாலும் அதில் எத்தனை பெயர் என்று பாருங்கள். விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே, அதாவது சுமார் ஒரு ஏக்கருக்குக் கீழே, பிரித்துத் தனிப்பட்டா வாங்க முடியாது. அப்படியிருக்க, 'பத்தாயிரம் சதுர அடி தோப்பு மனை' என்று விற்கிறார்களே எப்படி? ஒரே பட்டாவில் முப்பது பேரைப் பங்குதாரராகச் சேர்க்கிறார்கள். வேலி போட்டுக் காட்டிய மூலை உங்களுடையது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. கெடா, சிலாங்கூர் பக்கம் தேடினால் மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்று முதலில் கேளுங்கள். அது உங்கள் பெயருக்கு வரவே வராது.

இவ்வளவும் தாண்டினாலும் நீங்கள் வெளிநாட்டுக்காரர். தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவுப்படி மாநில அரசின் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. அதற்கு மேல் குறைந்தபட்ச விலை என்று ஒன்று உண்டு. இந்தத் தீவில் தரை வீட்டுக்கு ஒரு சமயம் முப்பது லட்சம் வெள்ளி என்று வைத்திருந்தார்கள். அவ்வப்போது மாற்றுவார்கள், முன்பணம் கொடுக்கும் முன் வக்கீலிடம் கேளுங்கள். உங்கள் பட்ஜெட்டைப் பார்த்தேன். நான் வேறு சொல்ல வேண்டுமா?

உடனே யாராவது ஒரு நம்மூர்க்காரர் உங்களுக்கு யோசனை சொல்வார்: "உள்ளூர் ஃபிரெண்டு பேர்ல வாங்கிடு மச்சி." இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் கோண்டோவில் பதினெட்டாவது மாடியில் இருந்துகொண்டு, சாம்பாரில் தேங்காய்ப்பால் வாசனை வருகிறது என்று குறை சொல்பவர்கள். பத்து வருடம் இருந்தும் பக்கத்து வீட்டு சீனர் பெயர் தெரியாது. பட்டாவில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர், மற்றதெல்லாம் பேச்சு. என்னோடு வேலை செய்த ஒருவர் இப்படி வாங்கினார். நண்பர் நல்லவர்தான். நண்பரின் வாரிசுகள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

என் வீட்டுப் பட்டாவிலும் என் பெயர் இல்லை. நிரந்தரவாசி அட்டை வைத்திருந்தாலும் சட்டத்துக்கு நான் குடிமகன் அல்லாதவன்தான். மனைவி இந்த ஊர்க்காரர், அவர் பெயரில் 2009 இல் ஒன்றேகால் ஏக்கர் வாங்கினோம். சண்டை வந்தால் "என் வீட்டை விட்டுப் போ" என்கிறார். அதில் சட்டப்படி ஒரு தவறும் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, நானும் தேறிவிட்டேன். பாராங் கத்தி பிடித்துப் புல் வெட்டுவேன். கீழ்வீட்டு ஹக்கா சீனக் கிழவரோடு பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், ஒரு மணி நேரம் டுரியான் பேசுவேன். மழை பெய்த மறுநாள் ஓடைக்கு ஏறி, தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்த இலையை வாரிவிட்டு வந்தால்தான் குளியல். 2017 நவம்பரில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்ததே, அன்று எங்கள் வழியில் பாதி சரிந்து போய், மூன்று நாள் அரிசியைத் தோளில் சுமந்து ஏறினேன். சரிவு நிலமா என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். 76 மீட்டருக்கு மேலே, அல்லது 25 டிகிரிக்கு மேல் சரிவு என்றால், பினாங்கில் அது மலை நிலம். அங்கே புதிதாக ஓர் அறை எழுப்பவும் நினைக்காதீர்கள்.

வீட்டை முடிவு செய்யும் முன் அத்தையைக் கூட்டிப்போய்க் காட்டினோம். நிபோங் திபால் பக்கம் பால்மர, அதாவது ரப்பர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே பால் வெட்டியவர். லயம் என்கிற வரிசை வீட்டில் இரண்டு அறை, பலகைச் சுவர், தகரக் கூரை, எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, லயத்தை இடித்து, நாலு மாடி ஃபிளாட்டுக்கு வந்தபோது சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாராம், கல் வீடு என்று. அன்றைக்கு வீட்டுக்கு அடியில் குனிந்து போய் ஒவ்வொரு தூணையும் தட்டினார். வெளியே வந்து தலையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டு, "அம்பது வருஷமா பலகை வீட்டவிட்டு வெளிய வரத்தான் பாடுபட்டோம். நீங்க பிளேன் ஏறி வந்து உள்ள போறீங்களா?" என்றார். பிறகு, "தூணு நல்ல தூணுதான்" என்றார்.

குடிபோன முதல் இரவு அவரும் எங்களோடு தங்கினார். விடியற்காலை நாலு மணி இருக்கும், தகரத்தில் மழை விழுந்தது. எழுந்து போனால் அத்தை இருட்டில் பாய்மேல் உட்கார்ந்திருக்கிறார். பாதித் தூக்கத்தில், யாரிடம் என்று இல்லாமல், "மழ பெய்யுது, இன்னிக்கு வெட்டு இல்ல" என்றார். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. மறுபடி படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் கேட்டேன், அவருக்கு ஞாபகமே இல்லை.

எங்கேயோ போய்விட்டேன். அந்த விளம்பரக்காரரிடம் பட்டா எண்ணை வாங்கி எனக்கு அனுப்புங்கள். தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கொடுத்தால், ஒரு சனிக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து 401இ பஸ் வருகிறது, சந்தைப் பக்கம் வந்து நிற்கிறேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். ஜூன், ஜூலையில் வந்தால் மரத்தடியில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், பழம் விழும் நேரம்.