கீபோர்டு வாசிக்கிற பையனை எதில் சேர்ப்பது?

கோபியிலிருந்து வந்த அண்ணாவுக்கு,

"பண்டிகை வந்தால் ஆர்கெஸ்ட்ராவோடு கிளம்பிவிடுகிறான், இதை வச்சு எப்படிங்க பொழைப்பான்?" என்று கேட்டீர்கள். அன்று உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பையனைப் போலவே கீபோர்டு வாசிக்கிற ஒருவர் கதையைச் சொல்கிறேன். 1949-இல் பிறந்து, கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் வளர்ந்தவர் பால் ஷாஃபர். அப்பா வக்கீல். பையன் படித்தது டொராண்டோவில் சமூகவியல், 1971-இல் பட்டம். மறு வருடம் அங்கே ‘காட்ஸ்பெல்’ என்ற இசை நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள். பாடிக் காட்டப் போனவர்களுக்குத் துணையாகப் பியானோ வாசிக்கப் போனார். நாடகத்தின் இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் அவரையே பிடித்து இசைக்குழுவை நடத்தச் சொல்லிவிட்டார். அப்புறம் ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியின் பேண்டில் 1975-லிருந்து ஐந்து வருடம். 1982-இல் டேவிட் லெட்டர்மேன் என்பவர் விருந்தாளிகளோடு பேசி நடத்திய இரவு டிவி நிகழ்ச்சிக்குப் பேண்ட் லீடர். (நம்மூர்க் கல்யாண ஊர்வல பேண்ட் இல்லைங்க.) லெட்டர்மேன் 1993-இல் வேறு டிவி சேனலுக்கு மாறியபோது கூடவே போனார், 2015 வரை இருந்தார். மொத்தம் 33 வருடம். நடுவில் வேறொருவருடன் சேர்ந்து எழுதிய ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ என்ற பாட்டு உலகமெங்கும் ஓடியது.

ஆனால் அவருக்குத் தினமும் சோறு போட்டது அந்தப் பாட்டு இல்லை. விருந்தாளி மேடைக்கு நடந்து வரும் சில விநாடிக்கு அவருக்கேற்ற மெட்டு, விளம்பர இடைவேளையில் அரங்கில் இருப்பவர்களுக்கு ஒரு பாட்டு, இன்று ராக் இசை, நாளை சோல் இசை, யார் பாட வந்தாலும் அவர் சுருதிக்கு வாசிப்பு. இந்த வேலைதான். நம் பக்கமும் இது புதுசில்லை. கோவை ஜுபிடர் கம்பெனியில் எடுபிடியாக இருந்து, எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் உதவியாளராகி மேலே வந்தவர்தான் எம்.எஸ்.விஸ்வநாதன்.

உங்கள் பையனை அன்று ஒரு பாட்டை அரைக்கட்டை ஏற்றி வாசிக்கச் சொன்னேன். கை நேராக டிரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போனது. அதை அழுத்தினால் கீபோர்டே சுருதியை மாற்றிக் கொடுத்துவிடும், விரலை மாற்ற வேண்டியதில்லை. காது நல்ல காது, சந்தேகமில்லை. விரல்தான் இன்னும் பட்டனை நம்புகிறது.

அதனால் காட்டை விற்று லட்சக்கணக்கில் கட்டி எந்த சவுண்ட் இன்ஜினியரிங் கோர்ஸிலும் இப்போது சேர்க்காதீர்கள். இஷ்டமில்லாத பி.இ.யும் வேண்டாம். பக்கத்துக் கலைக்கல்லூரியில் பி.காம். போதும், சாயங்காலம் கையில் இருக்கும். அந்த நேரத்தில் ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் இசையை எழுதும் மேற்கத்திய முறை, படிக்கக் கற்றுக்கொண்டு, லண்டன் டிரினிட்டி கல்லூரி படிப்படியாக நடத்தும் கிரேடு இசைப் பரீட்சைகளை எழுதட்டும். கோவையில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. ஆனால் அது கர்நாடக இசையை முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு. இவன் மனசு அதில் இல்லை.

கச்சேரியை மட்டும் நிறுத்தாதீர்கள். பங்குனி, சித்திரையில் எத்தனை மேடை, கைக்கு வந்தது எவ்வளவு, ஆடியிலும் மார்கழியிலும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் அவனே எழுதட்டும். அதை நீங்களும் பாருங்கள்.

அடுத்த மாதம் வரும்போது கீபோர்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பட்டன்மேல் ஒட்ட டேப் என்னிடம் இருக்கிறது.