சேர்ந்த தேதியைச் சொல்லுங்கள்: ஆசிரியர் சம்பளம், ஓய்வூதியம், பணிப் பாதுகாப்பு - கேள்வி பதில்

ஆசிரியர் சம்பளம் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒரு கட்சிக்கு எல்லா ஆசிரியரும் லட்ச ரூபாய்க்காரர்கள். இன்னொரு கட்சிக்கு எல்லோருமே ஏமாற்றப்பட்டவர்கள். எனக்கு வரும் கடிதங்களைப் பார்த்தால், ஒரே பள்ளியின் ஆசிரியர் அறையில் நாலு விதமான சம்பளமும் மூன்று விதமான ஓய்வு காலமும் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது படிப்போ உழைப்போ இல்லை, பணியில் சேர்ந்த தேதி. அதனால் கேள்வி அனுப்புகிறவர்கள் தேதியையும் எழுதிவிடுங்கள்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் லட்ச ரூபாய் வாங்குகிறார்கள். என் மகளுடைய தனியார் பள்ளி டீச்சருக்குப் பதினைந்தாயிரம்தான். ஆனாலும் கூட்டம் தனியார் பள்ளியில்தான் இருக்கிறது. அப்புறம் எதற்குப் போராட்டம்?
- ஒரு பெற்றோர், ஈரோடு மாவட்டம்

லட்ச ரூபாய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. இருபத்தைந்து, முப்பது வருடம் பணி முடித்த முதுகலை ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள் அந்தக் கணக்கில் வருவார்கள். ஆனால் ஏழாவது ஊதியக் குழுப்படி தமிழ்நாட்டில் தொடக்க வகுப்பு எடுக்கும் ஒரு இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு அடிப்படையே 35,400 ரூபாயில் ஆரம்பிக்கிறது. வேலை ஒன்றுதான், ஒன்று முதல் ஐந்து வரை.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்கள். ஈராசிரியர் பள்ளி என்றால் இரண்டு பேருக்கு ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். காலை உணவு வந்ததா என்று அவர்தான் பார்க்க வேண்டும், எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் வருகையை ஏற்ற வேண்டும், வட்டார அலுவலகம் கேட்கும் புள்ளிவிவரத்துக்கும் பதில் அனுப்ப வேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிப் பணி, வாக்காளர் பட்டியல் வேலை. அன்றைக்கு மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடந்ததா என்பது இதற்கெல்லாம் பிறகு வரும் கேள்வி.

இவ்வளவு கொடுக்கிறோமே, பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. சங்கங்கள் அதற்கு எரிச்சல்படாமல் பதில் சொல்லப் பழக வேண்டும். ஆனால் பதினைந்தாயிரத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். உங்கள் மகளின் டீச்சர் குறைந்த சம்பளத்தில் நன்றாகச் சொல்லித் தருகிறார் என்றால், நீங்கள் கட்டும் கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று அந்தப் பள்ளி நிர்வாகத்தைக் கேளுங்கள்.

நான் 2009 ஜூனில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். என் பக்கத்து வகுப்பு ஆசிரியை எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவர். இருவர் சம்பளத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? எந்தக் கூட்டத்திலும் யாரும் புரியும்படி சொல்வதில்லை.
- திருவண்ணாமலை மாவட்டம்

கணக்கு எளிது, வலிதான் பெரியது. ஆறாவது ஊதியக் குழுவுக்கு முன் இடைநிலை ஆசிரியரின் தொடக்க ஊதியம் 4,500 ரூபாய். 2009 ஜூன் 1 அன்று வந்த ஊதிய ஆணை, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களின் பழைய ஊதியத்தை 1.86 ஆல் பெருக்கியது. 4,500-ஐப் பெருக்கினால் 8,370. உங்கள் தோழி மே 31-க்குள் சேர்ந்ததால் அவருக்கு இது கிடைத்தது. ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியமே இல்லை. அதனால் அந்த ஊதியக் கட்டின் அடிமட்டப் படியான 5,200-இல் நிறுத்தினார்கள். தர ஊதியம் 2,800 இருவருக்கும் பொது. ஆக அவருக்கு 11,170, உங்களுக்கு 8,000. வித்தியாசம் 3,170 ரூபாய்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏழாவது ஊதியக் குழு வந்தபோது எல்லோருக்கும் 2.57 ஆல் பெருக்கினார்கள். 8,000-ஐப் பெருக்கினால் 20,560, அதை முழுமையாக்கினால் 20,600. இன்றைய தொடக்க ஊதியம் அப்படி வந்ததுதான். 11,170-ஐப் பெருக்கினால் 28,700 சொச்சம். 3,170 ரூபாயாக இருந்த பள்ளம், இடையில் வந்த ஊதிய உயர்வுகளை விட்டுவிட்டுப் பார்த்தாலே எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அகவிலைப்படி இந்த அடிப்படையின் மேல்தான் கணக்கிடப்படும், ஆண்டு ஊதிய உயர்வும் அப்படியே. ஒவ்வொரு ஊதியக் குழுவும் இந்தப் பள்ளத்தையும் சேர்த்தே பெருக்கும்.

'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் ஆண்டுதோறும் உட்காருகிறார்களே, அவர்கள் கேட்பது இதைத்தான். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர். 2023 புத்தாண்டு அன்று மூன்று பேர் குழு அறிவித்துத்தான் அந்த வருடத்துப் போராட்டத்தை முடித்து வைத்தார்கள். என் கருத்தைக் கேட்டால், ஆசிரியர் கோரிக்கைகளிலேயே வாதமே தேவைப்படாதது இது ஒன்றுதான். யாரும் யோசித்து உங்கள் சம்பளத்தைக் குறைக்கவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை எழுதியவர்கள் மறுநாள் சேரப்போகிறவரை யோசிக்கவில்லை, அவ்வளவே. செலவாகும் என்பதைத் தவிர அரசிடம் இதற்கு வேறு பதில் இருந்து நான் கேட்டதில்லை.

1999-இல் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தேன். வயது 52. நானும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?
- ஒரு ஆசிரியை, தஞ்சாவூர்

எழுத வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் கோடு தெளிவாக இருக்கிறது. அன்றைய தேதியில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பணி இருக்கிறவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்கள் பணியை விட வேண்டும், அல்லது கட்டாய ஓய்வு. தேவையான பணிக்காலம் இருந்தால் ஓய்வுப் பலன்கள் உண்டு. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்வில்லாமலே ஓய்வு பெறலாம், ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. நம் மாநிலத்தில் ஓய்வு வயது 60. ஆக உங்களுக்கு விலக்கு இல்லை, கெடு 2027 செப்டம்பர் 1.

இது ஒன்று முதல் எட்டு வரை நடத்துகிறவர்களுக்கு. பதினொன்று, பன்னிரண்டு மட்டும் எடுக்கும் முதுகலை ஆசிரியர்களுக்கு இல்லை. சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்பதை நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.

அன்றைய விதியில் கேட்ட தகுதி அத்தனையும் காட்டித்தான் நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். கால் நூற்றாண்டு கழித்து நுழைவுச்சீட்டைக் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் என் உடன்பாட்டை வைத்து உங்கள் வேலையைக் காப்பாற்ற முடியாது. மறுஆய்வு மனு, சட்டத் திருத்தம் என்று ஓடும் பேச்சை நம்பிப் புத்தகத்தை மூடி வைக்காதீர்கள். முதல் தாளில் ஐந்து பகுதி: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல். ஒவ்வொன்றுக்கும் 30 கேள்வி, மொத்தம் 150 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பாதிக்கு மேல் நீங்கள் தினமும் கரும்பலகையில் எழுதுவதுதான். மீதியை ஒரு செட் பழைய வினாத்தாளோடு உட்கார்ந்து பாருங்கள்.

தனியார் மெட்ரிக் பள்ளியில் 12 வருடம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறேன். சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள். கிராஜுவிட்டி கேட்டால் 'டீச்சருக்கெல்லாம் அது கிடையாது' என்கிறார்கள். லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா?
- கோயம்புத்தூர்

முதலில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கிடையாது என்று சொல்கிறவர் 2004-இலேயே நின்றுவிட்டார். அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம், பணிக்கொடைச் சட்டம் சொல்லும் 'பணியாளர்' வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2009-இல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3 முதலே அது செல்லும் என்றும் எழுதியது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்துவிட்டது. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆசிரியருக்கான உரிமை போகவில்லை.

ஐந்து வருடம் முடித்தால் போதும், நீங்களாக ராஜினாமா செய்தாலும் உண்டு. கணக்கு இதுதான்: கடைசி மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, பணி வருடத்தால் பெருக்குங்கள். 15,600 ரூபாய் என்றால் ஒரு வருடத்துக்கு 9,000, பன்னிரண்டு வருடத்துக்கு 1,08,000 ரூபாய். ஏப்ரலில் நிறுத்தி ஜூனில் 'புதிதாக' சேர்த்ததாகக் காட்டும் பள்ளிகள் உண்டு. பழைய வருகைப் பதிவு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கங்கள், பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் எடுத்து வையுங்கள். எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் பணிக்கொடைக்கென்று இருக்கும் அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

லேபர் கோர்ட் வேறு விஷயம். ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்ல என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வேலைநீக்க வழக்கை அங்கே கொண்டுபோக முடியாது. பணிக்கொடைக்கு அந்தத் தடை இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழ் உங்கள் பொருள், பள்ளிக்கு அது அடமானம் இல்லை. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். நகலைத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பல இடங்களில் அந்த நகல் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே, அதுவரை காணாமல் போயிருந்த 'பீரோ சாவி' கிடைத்துவிடும்.

2003 மே மாதம் சேர்ந்தேன். சி.பி.எஸ். என்றால் எனக்கு ஓய்வூதியமே இல்லையா?
- விருதுநகர்

2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். சந்தா எதுவும் இல்லை, கடைசி ஊதியத்தை வைத்து மாதாமாதம் வரும், ஜி.பி.எஃப். என்னும் சேமநல நிதி தனி. நீங்கள் ஒரு மாதத்தில் தவறவிட்டீர்கள். சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அரசும் அதே அளவு போடுகிறது. சிக்கல் என்னவென்றால், தமிழ்நாடு இந்தப் பணத்தை மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் (என்.பி.எஸ்.) சேர்க்கவில்லை. அதனால் ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள், மாத ஓய்வூதியம் என்று ஒன்று வரவில்லை. பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் குடும்பங்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன.

2026 ஜனவரியில் அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தருவதாகச் சொல்கிறது. ஊழியர் பங்கான 10 சதவீதம் தொடரும். பழைய திட்டம் திரும்பி வந்துவிட்டது என்று பட்டாசு வெடித்தவர்கள் இந்தக் கடைசி வரியையும் படித்திருக்க வேண்டும். ஆனாலும் மொத்தத் தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் கணக்குத் தாளை வருடாவருடம் பதிவிறக்கி, விடுபட்ட மாதங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இடமாறுதல் ஆன வருடங்களில்தான் பெரும்பாலும் விடுபடும்.

ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் வேலை போகுமா?
- பெயர் வேண்டாம் என்கிறார்

ஒரு முறை போனது. 2003 ஜூலையில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் நீக்கினார்கள். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை என்று ஒன்று இல்லை என்றே சொன்னது. ஆனால் பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள். அவ்வளவு பேர் இல்லாமல் அரசை நடத்த முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

நிரந்தரப் பணியில் இருப்பவரை விசாரணை இல்லாமல் நீக்க அரசியல் சாசனத்தின் 311-ஆவது பிரிவு எளிதில் விடாது. ஆகவே நடைமுறையில் வருவது சம்பளப் பிடித்தமும், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17-பி குறிப்பாணையும்தான். 2019 ஜனவரி வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நடந்தது அதுதான். 17-பியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். அது நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் நகராது. ஓய்வு நெருங்கியவர்கள் இரண்டு முறை யோசியுங்கள். தகுதிகாண் பருவம் முடியாதவர்கள் மூன்று முறை.

பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் ஏன் இல்லாமலே இருந்தது?
- ஓவிய ஆசிரியர், கடலூர்

வேலை இல்லாத மாதம் என்பது அரசு சொல்லி வந்த விளக்கம். வயிறு பகுதிநேரமாக இயங்குவதில்லை என்பது உங்கள் விளக்கம். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரை 5,000 ரூபாயில் எடுத்தார்கள். 2024-இல் அது 12,500 ஆனது. பணி நிரந்தரம் தி.மு.க.வின் 2021 தேர்தல் வாக்குறுதியில் இருந்தது. நிரந்தரம் தாமதமாகும் என்றால், மே மாதச் சம்பளத்தையாவது தனிக் கோரிக்கையாகப் பிரித்துக் கேட்டிருக்கலாம் என்பது என் கருத்து. பெரிய கோரிக்கையோடு கட்டிப் போட்டதால் சின்னதும் சேர்ந்து தொங்கியது.

சரண்டர் திரும்பி வந்துவிட்டதா?
- பலர்

வந்துவிட்டது. கொரோனாவில் 2020-இல் நிறுத்திய 15 நாள் ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பை (எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்குவது) 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் தருகிறார்கள். பணிப்பதிவேட்டில் விடுப்பு இருப்பு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் கொடுங்கள்.