விண்வெளிக்குப் போக வேண்டும் என்கிற மகளுக்கு உயர்தரத்தில் எந்தப் பிரிவு?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகளின் சாதாரண தரப் பெறுபேறு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வீட்டில் சந்தோசம் இல்லை. அவள் விண்வெளி வீராங்கனை ஆகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளின் அப்பாவும் மாமாமாரும் "பயோ எடுத்து டொக்டராகட்டும், இது என்ன விசர்க்கதை" என்கிறார்கள். நீங்கள் நடுவில் நின்று தவிக்கிறீர்கள். "அவளை எப்படி இந்த எண்ணத்திலிருந்து திருப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருப்ப வேண்டாம் அம்மா. அந்த ஆசையை வைத்துக்கொண்டே சரியான பாடத்தைத் தெரிவு செய்யலாம்.

பெகி விட்சன் என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சொல்கிறேன், மகளையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். 1960 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஆம்ஸ்ட்ரோங் நிலவில் கால் வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவருக்கு ஒன்பது வயது. விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுக்கக் கோழி வளர்த்து விற்றுக் காசு சேர்த்தார். 1978 இல் நாசா முதன்முதலாகப் பெண்களையும் விண்வெளிப் பயணத்துக்குத் தெரிவு செய்தது. அவர் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே வருடம்தான். பிறகு பெரிய பெயர் இல்லாத அயோவா வெஸ்லியன் கல்லூரியில் உயிரியலும் இரசாயனவியலும் படித்தார். 1985 இல் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அடுத்த வருடம் அதே நகரத்திலுள்ள நாசாவின் ஜோன்சன் விண்வெளி மையத்தில் சேர்ந்தார், ஆராய்ச்சியாளராக. விண்வெளி வீரருக்கான விண்ணப்பத்தைப் போட்டார், கிடைக்கவில்லை. திரும்பவும் போட்டார். இப்படியே பத்து வருடம் போனது. 1996 இல்தான் தெரிவானார். முதன்முறை விண்வெளிக்குப் போனது 2002 இல், 42 வயதில்.

உங்கள் வீட்டுக் கேள்விக்கான பதில் அந்தப் பத்து வருடத்தில்தான் இருக்கிறது. அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவை நடத்தினார். ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு சேர்ந்து செய்த ஆய்வுகளுக்கு அமெரிக்கத் தரப்பில் திட்ட விஞ்ஞானியாக இருந்தார். மருத்துவ விஞ்ஞானப் பிரிவின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். நாசாவிலிருந்து அந்த அழைப்பு வராமலே போயிருந்தாலும் அவருக்கு நல்ல தொழில், சம்பளம், மதிப்பு எல்லாம் இருந்திருக்கும். மகள் தெரிவு செய்ய வேண்டியதும் அப்படியான ஒரு துறையைத்தான்: விண்வெளி கிடைக்காவிட்டாலும் அவளுக்குப் பிடித்த வேலையாக அது இருக்க வேண்டும்.

அவர் செய்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. எடையற்ற நிலையில் எலும்பு மெல்ல மெல்லக் கரைந்து கல்சியத்தை இழக்கும். அந்தக் கல்சியம் சிறுநீரில் சேரும்போது சிறுநீரகத்தில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும். பூமியிலேயே தாங்க முடியாத வலி அது, விண்கலத்தில் வந்தால் யோசித்துப் பாருங்கள். பொட்டாசியம் சித்திரேற்று சிறுநீரில் கல்சியத்தோடு பிணைந்து கல் உண்டாவதைத் தடுக்குமா என்பதுதான் விட்சனின் ஆய்வு. 2002 இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தன் ஆய்வுக்குத் தானே ஒரு ஆளாக இருந்து மாதிரிகளைச் சேகரித்தார். அதே பயணத்தில் அங்கே சோயா அவரைச் செடிகளையும் வளர்த்தார், கமக்காரர் மகள் அல்லவா. உயர்தர இரசாயனவியலில் மகள் படிக்கப்போகும் அயன்களும் கரைதிறனும்தான் அந்த ஆய்வின் அடிப்படை.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். பத்து முறை கலத்துக்கு வெளியே இறங்கி வேலை செய்தார். நாசாவின் விண்வெளி வீரர்கள் எல்லோருக்கும் தலைவராக இருந்த முதல் பெண்ணும் அவரே. 2018 இல் ஓய்வு பெற்றும் நிற்கவில்லை. 2025 ஜூனில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா போன பயணத்துக்குத் தளபதி அவர்தான், 65 வயதில்.

இனிப் பாடப்பிரிவு. என்னிடம் வருகிற பிள்ளைகளைத் தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்வேன், ரியூசன் குறிப்பை அல்ல. எந்தப் பக்கங்களில் பென்சில் கோடு அதிகம், எங்கே ஓரத்தில் கேள்வி எழுதியிருக்கிறது, எந்தப் படத்தைத் திரும்ப வரைந்திருக்கிறது என்று பார்ப்பேன். கலமும் குருதிச் சுற்றோட்டமும் அழுக்காகிக் கிடந்தால் ஒரு கதை, விசையும் மின்னும் அழுக்காகிக் கிடந்தால் வேறு கதை. புள்ளி சொல்லாததை அந்தப் பக்கங்கள் சொல்லும். நீங்களும் மகளோடு இருந்து பாருங்கள்.

உயிரியல் பக்கம் சாய்ந்தால் வீட்டாரோடு சண்டையே தேவையில்லை. மருத்துவப் பட்டத்தையும் நாசா ஏற்றுக்கொள்கிறது, மருத்துவர்கள் பலர் விண்வெளிக்குப் போயிருக்கிறார்கள். கொழும்பு மாவட்டத்தில் மருத்துவ பீடத்துக்கான இசட் புள்ளி எவ்வளவு உயரம் என்பது உங்களுக்குத் தெரியும். அது எட்டாமல் போனால் விஞ்ஞான பீடம் இருக்கிறது. இராஜகிரியவில் இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் பட்டதாரி இரசாயனவியலாளர் பாடநெறியும் இருக்கிறது. மருத்துவம் மட்டும்தான் என்று பிள்ளையை மூன்றாம் தடவையும் சோதனைக்கு இருத்துகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். விஞ்ஞானத்தில் உண்மையான விருப்பம் உள்ள பிள்ளைக்கு அந்த வருடங்கள் பெரிய நட்டம்.

கணிதப் பிரிவு என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பொறியியல், இல்லாவிட்டால் பௌதிகவியல். கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. இலங்கையின் இராவணா-1 செய்மதியை ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இருந்து உருவாக்கியவர்கள் நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர், ஒருவர் பெண். 2019 ஜூனில் அது விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது.

ஒன்றை மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாசாவுக்கு விண்ணப்பிக்க அமெரிக்கப் பிரசாவுரிமை வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு முடியாது. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் போன்ற துறையில் முதுமாணிப் பட்டமும் அதற்குப் பிறகு தொழில் அனுபவமும் வேண்டும். 2017 தெரிவுக்கு 18,300 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், எடுத்தது 12 பேரை. பாதை நீளமானது, ஆனால் பிறநாட்டவருக்கு முற்றாக அடைபட்டதும் அல்ல. பிராங்ளின் சாங்-டியாஸ் 1968 இல் கொஸ்தாரிக்காவிலிருந்து 50 டொலரோடு அமெரிக்கா வந்தவர். அங்கே பாடசாலையில்தான் ஆங்கிலம் பழகினார். எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் பெற்றார், 1977 இல் பிரசை ஆனார், 1980 இல் தெரிவானார், ஏழு தடவை விண்வெளிக்குப் போய்வந்தார்.

அதற்காக இப்போதே வீட்டை ஈடு வைத்து முதல் பட்டத்துக்கு அவளை வெளிநாடு அனுப்ப ஓடாதீர்கள். ஏஜென்சிக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் பொறுங்கள். முதல் பட்டத்தை இங்கே அரச பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிக்கலாம். அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளி மாதச் செலவுக்கும் உதவித்தொகை கொடுக்கும். அதைப் பெறத் தேவை நல்ல பெறுபேறும் தடுமாறாத ஆங்கிலமும். உயர்தரத்தைத் தமிழில் எழுதட்டும், அதில் குறையே இல்லை. ஆனால் பாடநூலுக்குப் பக்கத்தில் ஒரு ஆங்கில விஞ்ஞான நூலும் இப்போதிருந்தே மேசையில் இருக்கட்டும்.

கண்ணாடி போட்டிருக்கிறாள் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். கண்ணாடியால் பார்வை சரியாகிறதென்றால் அது தடையே இல்லை. நீச்சல் பழகட்டும், பயிற்சியில் உடுப்போடும் சப்பாத்தோடும் நீந்திக் காட்ட வேண்டியிருக்கும்.

"உயிருக்கு ஆபத்து இல்லையா" என்ற உங்கள் கேள்விக்கு, இருக்கிறது என்பதுதான் நேர்மையான பதில். 2003 பெப்ரவரி 1 ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் திரும்பி வரும்போது சிதறியதில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஆனால் மகள் இன்று எடுக்கிற முடிவு ரொக்கட்டில் ஏறுவதைப் பற்றியது அல்ல. அந்த நாள் வந்தால் அவள் முப்பது நாற்பது வயது விஞ்ஞானியாக, எல்லாம் தெரிந்துதான் முடிவெடுப்பாள். இன்று முன்னால் இருப்பது மூன்று பாடங்கள்.

உயர்தர வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்கு முன் ஒரு நாள் மூவரும் கொழும்பு 7 இலுள்ள கோள்மண்டலத்துக்குப் போய்வாருங்கள், அப்பாவும் கட்டாயம் வரட்டும். பிறகு அந்த விஞ்ஞானப் புத்தகங்களோடு மகளை என்னிடம் கூட்டிவாருங்கள். வந்தால் முதல் அரை மணித்தியாலம் நீங்கள் வெளியே இருக்க வேண்டும், அவளோடு நான் தனியாகப் பேச வேண்டும்.