தேதியில் ஆண்டு '60' என்று மட்டும் இருந்தால், நிரல் அதை 1960 என்று எடுக்குமா, 2060 என்றா?

நிரலைப் பொறுத்தது. நூற்றாண்டு இல்லாத இத்தகைய ஆண்டைத்தான் தெளிவற்ற ஆண்டு என்கிறோம். பைத்தான் நிரல்மொழியின் தேதி வாசிப்பான் 69 முதல் 99 வரை 1900களாகவும், 00 முதல் 68 வரை 2000களாகவும் கொள்ளும். ஆக 60 என்பது 2060. அதையே எக்செலில் தட்டினால் வழக்கமாக 1960 வரும். இரண்டும் பிழைச்செய்தி காட்டாது. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

நம் தமிழ் ஆண்டுப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். தாத்தா 'பிரபவ' ஆண்டில் பிறந்தார் என்றால் அது 1927ஆ, 1987ஆ? பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிவரும். 'தாத்தா' என்ற சொல்தான் நமக்கு விடை தருகிறது. நிரலுக்கும் அப்படி ஒரு துப்பை நாம்தான் கொடுக்க வேண்டும்: பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்க முடியாது, புதிய கடனின் கடைசித் தவணை கடந்த காலத்தில் இருக்க முடியாது.

புதிதாக எழுதும்போது நான்கு இலக்கத்தையே கட்டாயமாக்குங்கள். பழைய தரவு என்றால், எந்த எண்வரை 2000கள், எதிலிருந்து 1900கள் என்று பிரிக்கும் எல்லை ஆண்டை நீங்களே நிரலில் வெளிப்படையாக எழுதுங்கள், மூலப் பதிவையும் அழிக்காமல் வையுங்கள். அப்புறம், பிறந்த ஆண்டு '15' என்றால் 1915ஆகவும் இருக்கலாம், 2015ஆகவும் இருக்கலாம். அங்கே ஊகிக்காமல் ஆளிடமே கேட்பதுதான் சரி.

2000ஆம் ஆண்டோடு இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அன்று பல இடங்களில் இரண்டு இலக்கத்தை அப்படியே விட்டு, எல்லை ஆண்டை மட்டும்தான் நகர்த்தி வைத்தார்கள்.