பாசி எடுக்கும் கையை ஏன் மறைக்க வேண்டும்? – கேள்வி பதில்

பதில் சொல்பவர் மண்டபத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அம்மாவோடு நானும் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறேன். மதுரையில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். 'பெண் வீட்டில்தான் இருக்கிறாள்' என்று தரகர் சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தால் வேண்டாம் என்பார்களோ, டீச்சர்? (சின்னப்பாலம்)

சொன்னாலும் சொல்வார்கள், மகளே. ஆனாலும் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடு. என் அம்மாவும் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர்தான். விருந்தாளி வந்தால் பாறை கிழித்த கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வார். இன்று நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. அந்தப் பாசியிலிருந்துதானே உணவைக் கெட்டியாக்கும் அகர் எடுக்கிறார்கள்! உன் ஊர் லட்சுமி மூர்த்தி, பாசி எடுக்கும் பெண்களை முன்னின்று நடத்தியதற்காக 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது பெற்றார். கையை ஒளித்துக்கொண்டே எத்தனை வருடம் அந்த வீட்டில் சோறு பரிமாறுவாய்? தரகரை விட்டுவிடு. மாப்பிள்ளையிடமோ அவர் தாயிடமோ நீயே பேசு. கல்யாணத்துக்குப் பின் கடலுக்குப் போவாயா என்பதையும் அப்போதே பேசிவிடு.

பொறியியல் முடித்திருக்கிறேன். வாப்பா, மாமா எல்லாரும் சபுராளிகள், வெளிநாடு போய் உழைப்பவர்கள். எனக்கும் விசா வந்துவிட்டது. ஊரிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் ஆசை. சொன்னால் வாப்பா உடைந்துபோவார். (கீழக்கரை)

முதலில் அவர் கதையைக் கேளுங்கள், தம்பி. எத்தனை பெருநாளை உங்களோடு கொண்டாடினார் என்று கேளுங்கள். பிறகு உங்கள் ஆசையைக் கணக்கோடு வையுங்கள்: பி.எட். படிக்க 2 ஆண்டு, அதுவரை டியூஷன் வருமானம், விசாவுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் வழி. சில நாள் பேசாமல் இருப்பார். வெறுத்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளைக்காகப் பாலைவனத்தில் உழைத்தவருக்கு இதை ஏற்கக் கொஞ்ச காலம் வேண்டும்.

இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி போடும் விசைப்படகில் ஏறமாட்டேன் என்றேன். கூட்டாளிகள் முகம் கொடுப்பதில்லை. நெஞ்சே வலிக்கிறது. நான் கோழையா? (பாம்பன்)

இல்லவே இல்லை. இரட்டைமடி தடைசெய்யப்பட்ட முறை, மறுத்தது சரி. ஒதுக்கப்படுவது உண்மையிலேயே வலிக்கும். கணினியில் பந்து வீசும் விளையாட்டில் ஒருவரை மட்டும் ஒதுக்கிப் பார்த்தார்கள். உடல் வலியின்போது இயங்கும் மூளைப் பகுதி ஒன்று அப்போதும் இயங்கியதாக 2003-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. நாட்டுப்படகுக்காரர்களிடம் வேலை கேளுங்கள். அந்த மடியால் வயிறு காய்பவர்கள் அவர்கள். வலி விடாமல் இருந்தால் மருத்துவரையும் பாருங்கள்.

என்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொன்னால் வீட்டில் அடிப்பார்கள். (ஊர், பெயர் வேண்டாம்)

அப்படியென்றால் இப்போது சொல்ல வேண்டாம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போது படகைக் கட்டிவைப்பவரை யாரும் பொய்யர் என்பதில்லை. தங்க ஓர் இடமும் கையில் கொஞ்சம் காசும் சேரட்டும். அதற்குள் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் மனம் திறங்கள். பெண் என்றால் 181, பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள். எனக்கும் மறுபடி எழுதுங்கள்.